லேக்கர்ஸ் கோச் வேட்டை 2024: ஹாம் போயாச்சு, அடுத்து யாரு? லெப்ரான் இருப்பாரா?

ஊதாமஞ்சள் | 4 மே 2024, காலை 8:50

அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்துல ஆடுற எங்க லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸோட கோச் டார்வின் ஹாமைத் தூக்கிட்டாங்க. ரெண்டு சீசன், 90 ஜெயம், 74 தோல்வி. ஒரு தடவை வெஸ்ட் (மேற்குப் பிரிவு) ஃபைனல், சீசன் நடுவுல நடக்குற இன்-சீசன் கோப்பை ஒண்ணு. நாலு வருஷ ஒப்பந்தத்துல பாதிதான் ஓடியிருக்கு, மீதி சம்பளத்தை வீட்டுல உக்காந்து வாங்கிப்பார்.

எனக்கு அவர் போனதுல வருத்தமும் இல்ல, சந்தோஷமும் இல்ல. செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு லேட்டா வர்றேன்னு சொல்லிட்டு பிளேஆஃப் முதல் சுத்துல டென்வரோட அஞ்சாவது மேட்ச் பாத்தேன். 3.6 நொடி மிச்சம் இருக்கும்போது டென்வரோட ஜமால் முரே, எங்க ஆஸ்டின் ரீவ்ஸ் தலைக்கு மேல போட்டாரே, அதுக்கப்புறம் நான் டிவியை அணைக்கக்கூட இல்ல, அப்படியே உக்காந்திருந்தேன். 108-106. ரெண்டாவது மேட்ச்லயும் இதே முரேதான். 20 பாயின்ட் லீடைக் கோட்டை விட்டுட்டு, பஸர் அடிக்கிற நேரத்துல எங்க ஆந்தனி டேவிஸ் முகத்துக்கு நேரா வாங்கிக்கிட்டோம். போன வருஷம் 4-0, இந்த வருஷம் 4-1.

39 வயசுல எங்க நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் அன்னைக்கு 30 பாயின்ட், 11 அசிஸ்ட், 9 ரீபவுண்ட். இதுதான் லேக்கர்ஸ் சட்டையில கடைசி மேட்சான்னு கேட்டதுக்கு, பதில் சொல்ல மாட்டேன்னு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் எனக்கு நாலு நாளா தூக்கம் கெடுக்குது.

என் கட்சி இதுதான்: ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். டீம்ல ஆள் பத்தல, அதை மாத்த வழியில்ல, அதனால கோச்சை மாத்துறாங்க. உங்க கருத்து?

பாஸ்டன்_பச்சை | காலை 9:14

ஆரம்பிச்சாச்சா? லெப்ரான் வந்த 2018-ல இருந்து லூக் வால்டன், ஃப்ராங்க் வோகல், இப்ப ஹாம். ஆறு வருஷத்துல மூணு பேரு. வோகல் 2020-ல கப்பே வாங்கிக் குடுத்தாரு. 2022-ல சீசனோட கடைசி மேட்ச் முடிஞ்ச கையோட அவர் வேலை போன சேதி, அவருக்குத் தெரியுறதுக்கு முன்னாடி ட்விட்டருக்குத் தெரிஞ்சிருச்சு. பிரஸ் மீட்ல மனுஷன் முழிச்சது இன்னும் கண்ணுல நிக்குது.

அடுத்தது யாரா இருந்தாலும் வீட்டை வாடகைக்கே எடுக்கச் சொல்லுங்க. சொந்தமா வாங்க வேணாம்.

இப்பதான்_பாக்குறேன் | காலை 9:40

நான் போன வருஷத்துல இருந்துதான் பாக்குறேன், தப்பா நினைக்காதீங்க. கோச் போனா லெப்ரான் ஏன் போகணும்? "பிளேயர் ஆப்ஷன்"னு எல்லாரும் எழுதுறாங்களே, அது என்ன?

கணக்குப்புள்ள | காலை 10:05

ரெண்டும் தனித்தனி விஷயம்தாங்க, ஆனா ஒரே மாசத்துல வந்து மாட்டிக்குது.

லெப்ரான் ஒப்பந்தத்துல அடுத்த சீசனுக்கு 51.4 மில்லியன் டாலர் எழுதியிருக்கு. அதை எடுத்துக்கறதா விடறதாங்கறது அவர் இஷ்டம். ஜூன் 29-க்குள்ள சொல்லணும். எடுத்துக்கிட்டா ஒரு வருஷம் இருப்பார். விட்டா ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த டீம்கிட்டயும் பேசலாம்.

ஆனா விட்டதும் கிளம்பிடுவார்னு அர்த்தமில்ல. அந்தச் சம்பளத்தைத் தூக்க பிலடெல்பியா மாதிரி விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் டீம் இருக்கு. விட்டுட்டு லேக்கர்ஸ்கிட்டயே புதுசா எழுதிக்கலாம். அதனால ஆப்ஷன்ங்கறது கதவு இல்ல, கதவு மேல வச்ச கை. திறப்பாரோ மாட்டாரோன்னு ஆபீஸ்காரங்க அந்தக் கையையே பாத்துட்டு இருக்கணும். அந்த நேரத்துல கோச் தேடினா யார் மனசைப் பாத்துத் தேடுவாங்கன்னு நீங்களே யோசிங்க.

பழைய_ஃபார்வர்டு | மதியம் 1:22

வணக்கம் தம்பிகளா. முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் ஒரு வார்த்தை.

"லெப்ரான் கோச்சுகளைத் தின்பார்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஒருவரைத் தின்ன முடியவில்லையே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை? 2010 நவம்பர். மயாமிக்கு வேட், போஷ், லெப்ரான் மூவரும் வந்து சேர்ந்த புதிது. டல்லாஸில் ஒரு டைம்-அவுட். எரிக் ஸ்போல்ஸ்ட்ரா கோர்ட்டுக்குள் வருகிறார், லெப்ரான் பெஞ்சுக்குப் போகிறார், போகிற போக்கில் தோளால் ஓர் இடி. ஸ்போல்ஸ்ட்ராவுக்கு அப்போதுதான் நாற்பது ஆகியிருந்தது. வீடியோ வெட்டும் வேலையில் சேர்ந்து மேலே வந்தவர். அன்று தோற்று 9 வெற்றி, 8 தோல்வி. நாடே அவர் வேலை போய்விட்டது என்று பேசியது. முன்பு ஒரு முறை செய்ததுபோல, மாடியில் நிர்வாகத்தில் இருந்த பேட் ரைலியே இறங்கி வந்து கோச் ஆவார் என்றார்கள்.

ரைலி வரவில்லை. மாடியிலேயே உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஸ்போல்ஸ்ட்ரா இரண்டு கோப்பை வாங்கினார், லெப்ரான் போய்ப் பத்து வருடம் ஆகியும் இன்றும் அதே நாற்காலியில் இருக்கிறார்.

ஆகவே யார் கோச் என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. மாடியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

பாஸ்டன்_பச்சை | மதியம் 1:50

மாஸ்டர், அப்ப டேவிட் பிளாட்டை என்ன சொல்வீங்க? 2016 ஜனவரி, லெப்ரான் அப்ப ஆடின கிளீவ்லேண்ட் 30-11, ஈஸ்ட்ல முதலிடம், அதுக்கு முந்தின வருஷம் ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனவர். தூக்கி எறிஞ்சாங்க.

பழைய_ஃபார்வர்டு | மதியம் 2:31

அதையேதான் நானும் சொல்கிறேன் தம்பி. 2015 மே, சிகாகோவோடு நாலாவது மேட்ச், கடைசி நொடிகள். கைவசம் டைம்-அவுட் இல்லாதபோது பிளாட் டைம்-அவுட் கேட்டு கோர்ட்டுக்குள் இறங்கினார். உதவிக் கோச் டைரோன் லூ சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நடுவர் பார்த்திருந்தால் டெக்னிக்கல் ஃபவுல், ஆட்டம் காலி. அதன்பிறகு கடைசிப் பந்துக்கு பிளாட் போட்ட திட்டத்தில் லெப்ரான் வெளியே நின்று பந்தை உள்ளே கொடுக்கவேண்டும். லெப்ரான் அதை மாற்றி, பந்தை எனக்குக் கொடுங்கள் என்று சொல்லி, மூலையில் இருந்து போட்டார். 86-84. வெளியே வந்து, கோச்சின் திட்டத்தை நான்தான் மாற்றினேன் என்று மைக் முன்னால் சொல்லவும் சொன்னார்.

அந்த இரவு மாடியில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. எட்டு மாதத்தில் பிளாட் இல்லை. சட்டையைப் பிடித்து இழுத்த லூதான் அடுத்த கோச். கோப்பையும் வந்தது. கோப்பை வந்ததால் அது சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், அது வேறு.

ஸ்கார்பரோ_ராப்டர் | இரவு 9:03

அண்ணைமார், லெப்ரான் தன்ர கோச்சை மட்டுமில்லை, மற்றவையின்ர கோச்சையும் வீட்டை அனுப்புவார். எங்கட கதையைக் கேளுங்கோ.

2018-ல டொரொண்டோ 59 மேட்ச் வெண்டு கிழக்கில முதலாம் இடம். ரெண்டாம் சுற்றில லெப்ரான் வந்து 4-0 எண்டு துடைச்சுப்போட்டுப் போனார். இஞ்ச சனம் ஊருக்கே "லெப்ரோன்டோ" எண்டு பேர் வைச்சுச் சிரிச்சுதுகள். நாலு நாளில டுவேன் கேசியை நிப்பாட்டிட்டாங்கள். பிறகு பாத்தா அந்த வருசத்துச் சிறந்த கோச் விருது ஆருக்கு? கேசிக்குத்தான்! டிட்ராய்டில வேலை எடுத்த பிறகு, டொரொண்டோவில செய்த வேலைக்கு மேடையில ஏறி விருது வாங்கினார் மனுசன்.

அடுத்த வருசம் நிக் நேர்ஸ் கோச், எங்களுக்குக் கப். நேர்ஸ் கெட்டிக்காரனோ, இல்லாட்டி டெரோசன் எண்ட ஆட்டக்காரனைக் குடுத்து கவாயை எடுத்ததோ காரணம் எண்டு எங்கட வீட்டில இண்டைக்கும் கொத்து ரொட்டிக்குப் பக்கத்தில சண்டை நடக்குது. அப்பா நேர்ஸ் கட்சி. நான் கவாய் கட்சி.

ஊதாமஞ்சள் | 5 மே, காலை 7:30

இப்ப அடிபடுற பேரு: ஜேம்ஸ் பொரேகோ, ஜே.ஜே. ரெடிக், சாம் கசெல், மைக்கா நோரி, டேவிட் ஏடல்மன், கிரிஸ் குவின். ரெடிக்கைத் தவிர எல்லாரும் எங்கேயோ அசிஸ்டன்ட். ரெடிக் டிவில பேசுறவர். லெப்ரானோட சேர்ந்து மார்ச்ல இருந்து பாட்காஸ்ட் பண்றார்.

ஹாம் மேல என் புகார் ஒண்ணே ஒண்ணுதான். ஆரம்ப அஞ்சு பேரு யாருன்னு பிப்ரவரி வரைக்கும் முடிவு பண்ணல. டரியன் பிரின்ஸ் உள்ள, ருய் ஹச்சிமுரா வெளிய, டி'ஆஞ்சலோ ரஸல் ஒரு வாரம் உள்ள ஒரு வாரம் பெஞ்ச். கடைசில ரஸல், ரீவ்ஸ், ஹச்சிமுரா, லெப்ரான், டேவிஸ்னு செட் பண்ணதும் ஜெயிக்க ஆரம்பிச்சாங்க. அதை நவம்பர்லயே பண்ணியிருந்தா டென்வர்கிட்ட முதல் சுத்துலயே மாட்டியிருக்க மாட்டோம்.

நைட்ஷிப்ட்_சன்ஸ் | 10 மே, காலை 6:18

ஷிப்ட் முடிச்சு வந்து பாத்தா எங்க வீட்டுலயும் இழவு. ஃபீனிக்ஸ் சன்ஸ் வோகலைத் தூக்கிட்டாங்க. ஒரே ஒரு சீசன். 49 ஜெயம். மின்னசோட்டா 4-0-னு அடிச்சது, அவ்ளோதான்.

போன மே மாசம் மான்டி வில்லியம்ஸ், இந்த மே மாசம் வோகல். டியூரன்ட், புக்கர், பீல் மூணு பேர் சம்பளத்தையும் தொடக்கூட முடியாது. தொட முடிஞ்சது வோகல் சம்பளம் மட்டும்தான். மைக் பூடன்ஹோல்சர் வர்றாராம். அவர் மில்வாக்கிக்கு 2021-ல கப் வாங்கிக் குடுத்தது எங்களைத் தோக்கடிச்சுங்கறது தனி வயித்தெரிச்சல்.

கணக்குப்புள்ள | 10 மே, காலை 9:45

சன்ஸ் நண்பா, நீங்க புலம்பின வரியிலயே இந்த இழை மொத்தமும் இருக்கு.

புது ஒப்பந்த விதியில "ரெண்டாவது ஏப்ரன்"னு ஒரு கோடு. வர்ற சீசனுக்கு கிட்டத்தட்ட 189 மில்லியன். டீமோட மொத்தச் சம்பளம் அதைத் தாண்டுச்சுன்னா கைய கட்டிப் போட்டுருவாங்க. ரெண்டு சின்ன சம்பளத்தைச் சேத்து ஒரு பெரிய ஆளை டிரேடு பண்ண முடியாது. வெளிய இருந்து ஆள் எடுக்க வச்சிருக்கற மிட்-லெவல் சலுகை போயிரும். டிரேடுல பணம் அனுப்ப முடியாது. ஏழு வருஷம் கழிச்சு வர்ற முதல் சுத்து டிராஃப்ட் பிக்கைக்கூட (புதுப் பசங்களைத் தேர்ந்தெடுக்குற முறை) முடக்கிருவாங்க.

கோச் சம்பளம் இந்தக் கணக்குல வராது. ஒரு பைசாகூட. அதனால முதலாளி கோபத்தை எங்க காட்டுவார்? மழை பேஞ்சா ஓட்டை இருக்கற பக்கம்தான் தண்ணி இறங்கும்.

கோச்சுங்க மேல ரொம்பப் பாவமும் படாதீங்க. மான்டி வில்லியம்ஸ் டிட்ராய்ட்ல ஆறு வருஷம் 78.5 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டு இந்த சீசன்ல 14-68. நடுவுல 28 மேட்ச் தொடர் தோல்வி. அவரை நீக்கினாலும் காசு போய்ச் சேந்துரும்.

பழைய_ஃபார்வர்டு | 10 மே, இரவு 8:10

கணக்கு சரிதான். ஆனால் கோச்சுக்குச் சம்பளத்தைத் தவிர இன்னொன்றும் வேண்டும். என் கதை ஒன்றைச் சொல்கிறேன். ஊர், பெயர் கேட்காதீர்கள்.

ஒரு கல்லூரி அணி. அதில் ஒரு பையன், கையில் பந்து வந்தால் மற்ற ஒன்பது பேரும் வேடிக்கை பார்க்கவேண்டியதுதான். ஆனால் காலை 5:30 பயிற்சிக்கு 6:15-க்கு வருவான். மூன்று முறை சொன்னேன். நாலாவது முறை அரையிறுதிக்கு முந்தைய நாள். மறுநாள் முதல் குவார்ட்டர் முழுக்க பெஞ்சில் உட்காரவைத்தேன். ஒன்பது பாயின்ட் பின்னால் போனோம். அப்புறம் இறக்கினேன். எட்டிப் பிடிக்கிற மாதிரி வந்து நாலு பாயின்ட்டில் தோற்றோம்.

அன்று இரவு நாங்கள் தங்கியிருந்த இடத்துக்கு நிர்வாகத்தில் இருந்து ஒருவர் வந்தார். என்னிடம் பேசவில்லை. நேராகப் பையனிடம் போய்த் தோளில் கை போட்டு, "நீ கவலைப்படாதப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். நான் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டு நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரத்தில் இருந்து பையன் 6:30-க்கு வந்தான். என்னைப் பார்த்து மரியாதையாக வணக்கமும் சொன்னான்.

ஸ்கார்பரோ_ராப்டர் | 10 மே, இரவு 11:47

மாஸ்டர், அந்த லேஸ் கதை நெஞ்சுக்குள்ள நிக்குது.

ஊதாமஞ்சள் | 6 ஜூன், இரவு 8:02

ஒரு மாசமா தூங்கின இழையை எழுப்புறேன். டான் ஹர்லி!! யாரும் எதிர்பாக்கல. கனெக்டிகட் காலேஜுக்கு 2023, 2024 ரெண்டு வருஷமும் தொடர்ந்து தேசியக் கோப்பை வாங்கிக் குடுத்தவர். ரெடிக் உறுதின்னு நேத்து வரைக்கும் எழுதினவங்க எல்லாம் இன்னைக்கு ஹர்லி உறுதின்னு எழுதுறாங்க.

எனக்கு இது பிடிச்சிருக்கு. லெப்ரானுக்காகத் தேடின ஆள் மாதிரி தெரியல. லெப்ரானுக்கு அப்புறமும் இருக்கப் போற ஆளைத் தேடுறாங்க.

பாஸ்டன்_பச்சை | 6 ஜூன், இரவு 8:20

நடுவரைத் திட்டியே தொண்டை போன மனுஷன். 18 வயசுப் பசங்களைக் கத்தி வேலை வாங்கினவர் 39 வயசுக்காரரைக் கத்துவாரா? அதுவும் சரி, அங்கயே மூணாவது கப் வாங்க வாய்ப்பிருக்கும்போது ஏன் வரணும்?

ஊதாமஞ்சள் | 11 ஜூன், காலை 6:55

வர மாட்டேன்னுட்டார்.

ஆறு வருஷம், 70 மில்லியன். லாஸ் ஏஞ்சலஸ் வந்து பாத்தார், வீட்டுக்குப் போனார், யோசிச்சார், வேணாம்னுட்டார். எங்களை வேணாம்னு சொல்ற காலமும் வந்துருச்சு.

கணக்குப்புள்ள | 11 ஜூன், காலை 9:30

வருஷத்துக்கு 12 மில்லியனுக்குக் கொஞ்சம் கம்மி. கெட்ட சம்பளம் இல்ல, ஆனா சந்தை ஏறிடுச்சு. ஸ்போல்ஸ்ட்ரா இந்த ஜனவரியில எட்டு வருஷத்துக்கு 120 மில்லியனுக்கு மேல எழுதினார். ஸ்டீவ் கெர் ரெண்டு வருஷம் 35. நியூஜெர்சியில பொறந்து வளந்த மனுஷனை, குடும்பத்தோட, நாட்டோட இன்னொரு மூலைக்குப் பெயர்த்துட்டு வரணும்னா 70 பத்தாதுன்னு எனக்குத் தோணுது. உண்மையா வேணும்னு கேட்டாங்களா, கேட்டோம்னு காட்டக் கேட்டாங்களா?

ஸ்கார்பரோ_ராப்டர் | 11 ஜூன், மாலை 6:40

லேக்கர்ஸ் காலேஜ் கோச்சிட்டப் போய் வெறுங்கையோட வாறது புதுசில்லை. 2004-ல கோச் பில் ஜாக்சன் போன நேரம் டியூக் பல்கலைக்கழகத்துக் கோச் ஷஷெவ்ஸ்கியைக் கேட்டவை. அஞ்சு வருசம் 40 மில்லியன். அவரும் மாட்டன் எண்டவர். ஹர்லியின்ர தமையன் பாபி ஹர்லி அந்த ஷஷெவ்ஸ்கியின்ர பெடியன்தான். சுத்திச் சுத்தி அதே வளவு.

2012-ஐ மறந்துபோனியளோ? மைக் பிரவுனை அஞ்சே அஞ்சு மேட்சில நிப்பாட்டி, ஜாக்சனைக் கேக்கப் போய், அவர் யோசிச்சுச் சொல்லுறன் எண்டு படுத்திருக்க, நடுச்சாமத்தில போன் அடிச்சு எழுப்பி "டி'ஆன்டனியை எடுத்திட்டம்" எண்டவை. அந்த டெலிபோனை விடவா இது?

பாஸ்டன்_பச்சை | 18 ஜூன், காலை 9:10

பேச்சுக்கு நடுவுல ஒரு சின்ன அறிவிப்பு. ஃபைனல்ல எங்க பாஸ்டன் செல்டிக்ஸ் 4, டல்லாஸ் 1. எங்களுக்கு 18 கப். உங்களுக்கு 17. எங்க கோச் ஜோ மசூலாவுக்கு 35 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி அவர் பேரு பாஸ்டன்லயே பாதிப் பேருக்குத் தெரியாது. போன வருஷம் அவரைத் தூக்கணும்னு நானே இங்க எழுதினேன், தேடிப் பாத்துடாதீங்க.

நைட்ஷிப்ட்_சன்ஸ் | 18 ஜூன், காலை 9:31

தேடிப் பாத்துட்டேன். மூணு இடத்துல எழுதியிருக்கீங்க.

ஊதாமஞ்சள் | 20 ஜூன், இரவு 9:15

ரெடிக். நாலு வருஷம். முடிஞ்சுது.

15 வருஷம் ஆடினவர், 2021-ல ஓய்வு. கோச்சிங் அனுபவம்னு சொன்னா புரூக்ளின்ல தன் பையன் ஆடுற நாலாம் வகுப்புப் பசங்க டீம். நான் கிண்டல் பண்ணல, அவ்ளோதான் இருக்கு. திங்கக்கிழமை அறிமுகக் கூட்டமாம். அன்னைக்கு அவருக்கு 40-வது பிறந்தநாள். லெப்ரானை விட ஆறு மாசம்தான் மூத்தவர்.

பாஸ்டன்_பச்சை | 20 ஜூன், இரவு 9:22

பாட்காஸ்ட்ல எதிர நாற்காலியில உக்காந்தவரைப் பக்கத்து நாற்காலியில தூக்கிப் போட்டாச்சு. இதுக்கு ஏன் ஏழு வாரம்?

ஸ்கார்பரோ_ராப்டர் | 20 ஜூன், இரவு 10:05

ரெடிக்கும் டியூக். நான் சொன்னன்தானே, அதே வளவு.

ஊதாமஞ்சள் | 20 ஜூன், இரவு 10:30

லெப்ரான் இந்தத் தேடல்ல தலையிடலன்னு அவர் பக்கம் சொல்லிட்டாங்க. நம்புறவங்க நம்பலாம், எனக்கு அது இப்ப முக்கியமா படல. ரெடிக் விளையாட்டை விளக்கினதைக் கேட்டிருக்கீங்களா? பிக்-அண்ட்-ரோல்ங்கற ஆட்ட உத்தியை அஞ்சு விதமா தடுக்கலாம்னு எடுத்து வச்சுப் பேசுவார். மண்டையில சரக்கு இருக்கு. ஆனா ஜனவரில நாலு மேட்ச் தொடர்ந்து தோத்து, பிளேன்ல யாரும் யார்கிட்டயும் பேசாம வர்ற ராத்திரியை அவர் கோச்சா பாத்ததில்ல.

பழைய_ஃபார்வர்டு | 21 ஜூன், காலை 6:20

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் என்று சிரிக்காதீர்கள். ஒன்பது வயதுப் பையனிடம் "வலது பக்கம் ஓடு" என்றால் தண்ணீர் பாட்டிலை நோக்கி ஓடுவான். அதில் பொறுமை வந்திருந்தால் எதிலும் வரும்.

என் கவலை நண்பர் என்பதில். நண்பனைப் பெஞ்சில் உட்காரவைப்பது, பிடிக்காதவனை உட்காரவைப்பதை விடக் கடினம். ஆனால் வால்டனுக்கும் வோகலுக்கும் ஹாமுக்கும் இல்லாத ஒன்று இவருக்கு இருக்கலாம். இவரை அனுப்பினால், இவ்வளவு பேச்சுக்கு நடுவே இவரைக் கொண்டுவந்த மாடிக்காரர்களின் முகமும் சேர்ந்து போகும். லேக்கர்ஸ் ஜெனரல் மேனேஜர் ராப் பெலிங்கா இந்த முறை தன் கழுத்தையும் பணயமாகக் கட்டியிருக்கிறார். பாசத்தால் நிற்காவிட்டாலும் பயத்தால் பின்னால் நிற்பார்கள்.

ஊதாமஞ்சள் | 28 ஜூன், காலை 7:05

டிராஃப்ட்ல எங்க 55-வது பிக். பிரானி ஜேம்ஸ், லெப்ரானோட பையன். அப்பாவும் பையனும் ஒரே டீம்.

நைட்ஷிப்ட்_சன்ஸ் | 28 ஜூன், காலை 7:20

காலேஜ்ல மேட்சுக்கு 4.8 பாயின்ட். வேற யாராவதோட பையனா இருந்தா அந்தப் பேரை யாராவது வாசிச்சிருப்பாங்களா? 55-வது இடத்துல இன்னொரு பையன் காத்திருந்திருப்பான், அவன் அப்பா லாரி ஓட்டுறவரா இருக்கலாம். அதையும் நினைச்சுப் பாருங்க.

இப்பதான்_பாக்குறேன் | 28 ஜூன், காலை 8:11

போன வருஷம் ஜூலைல அந்தப் பையனுக்கு பயிற்சி நடக்கும்போது இதயம் நின்னு போச்சே. பிறவியிலேயே இருந்த குறை. அதுல இருந்து எழுந்து ஆடினவன். 4.8-ஐ மட்டும் சொல்றது நியாயமா?

நைட்ஷிப்ட்_சன்ஸ் | 28 ஜூன், காலை 8:30

அது நியாயம். அந்த வரியை நான் வாபஸ் வாங்கிக்கறேன். லாரி வரியை வாங்க மாட்டேன்.

கணக்குப்புள்ள | 28 ஜூன், காலை 9:02

உணர்ச்சியை ஓரமா வைங்க. 55-வது பிக்ல வர்றவங்க பெரும்பாலும் நிலைச்சு ஆடுறது இல்ல. லாட்டரிச் சீட்டு வாங்கற செலவுல லெப்ரான் கை வச்சிருந்த கதவை லேக்கர்ஸ் உள்பக்கமா தாழ் போட்டுட்டாங்க. இந்தக் கோடையில பெலிங்கா பண்ண மலிவான வேலை இதுதான். நாளைக்குக் கெடு.

கணக்குப்புள்ள | 30 ஜூன், காலை 8:40

ஆப்ஷனை விட்டுட்டார். பயப்படாதீங்க, போறதுக்கு இல்ல. நல்ல ஆள் கிடைச்சா சம்பளத்தைக் குறைச்சுக்கறேன்னு சொல்றதுக்குத்தான். கிளே தாம்சன் பேரு அடிபடுது.

ஊதாமஞ்சள் | 2 ஜூலை, காலை 7:15

கிளே டல்லாஸ் போயிட்டார். மூணு வருஷம், 50 மில்லியன். அவர் அப்பா மைக்கல் தாம்சன் லேக்கர்ஸ்ல ரெண்டு கப் வாங்கினவர், இப்பவும் எங்க ரேடியோ வர்ணனையாளர். அவர் வீட்டுப் பிள்ளையே வரல. லெப்ரான் சம்பளத்தைக் குறைக்கறேன்னு சொல்லியும் அந்தக் காசுக்கு வர ஆள் இல்ல. இந்த இழையில நான் எழுதின முதல் பதிவுக்கே திரும்ப வந்து நிக்குறோம். கோச் மாறியாச்சு. ஆளு அதே ஆளு.

கணக்குப்புள்ள | 7 ஜூலை, காலை 10:12

கையெழுத்து ஆச்சு. ரெண்டு வருஷம். முழுசா வாங்கியிருந்தா 104 மில்லியன் வந்திருக்கும். சுமார் 101.4-க்குப் போட்டிருக்கார். அந்த ரெண்டரை மில்லியன் சொச்சத்தை ஏன் விட்டார்? ரெண்டாவது ஏப்ரன் கோட்டுக்கு மயிரிழை கீழ டீம் நிக்கணும்ங்கறதுக்காக. கோட்டுக்கு மேல ஏறியிருந்தா சீசன் நடுவுல டிரேடு பண்ணக் கை கட்டியிருக்கும்.

ரெண்டாவது வருஷம் மறுபடியும் அவர் இஷ்டம். கூடவே, அவர் சம்மதம் இல்லாம எங்கேயும் டிரேடு பண்ண முடியாதுன்னு ஒரு ஷரத்து. அதாவது அடுத்த ஜூன்லயும் இதே இழையை ஊதாமஞ்சள் ஆரம்பிக்கலாம். தலைப்பை மட்டும் நகல் எடுத்து வச்சுக்கங்க.

பழைய_ஃபார்வர்டு | 7 ஜூலை, மாலை 5:50

நேட் மெக்மில்லன், ஸ்காட் புரூக்ஸ் இரண்டு பேரும் ரெடிக்குக்கு உதவிக் கோச்சுகளாம். இருவரும் பல வருடம் தலைமைக் கோச்சாக இருந்து வேலை போய்ப் பழகியவர்கள். டியூக்கில் ஆடிய லிண்ட்ஸி ஹார்டிங்கும் வருகிறார், ஸ்கார்பரோ தம்பி சந்தோஷப்படலாம். இதுதான் இந்தக் கோடையில் எனக்குப் பிடித்த செய்தி. சின்னப் பையனிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இரண்டு பழைய டிரைவர்களை உட்காரவைத்திருக்கிறார்கள்.

ஊதாமஞ்சள் | 23 அக்டோபர், காலை 10:40

மின்னசோட்டாவை 110-103-னு அடிச்சாச்சு! சீசன் முதல் மேட்சை 2016-க்கு அப்புறம் இப்பதான் ஜெயிக்குறோம்னா நம்புவீங்களா? எத்தனை கோச் வந்து போயிட்டாங்க நடுவுல.

ரெண்டாவது குவார்ட்டர்ல நாலு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது லெப்ரானும் பிரானியும் ஒண்ணா எழுந்து ஸ்கோரர் மேசைக்குப் போனாங்க. பேஸ்பால்ல அப்பாவும் பையனுமா ஒரே டீம்ல ஆடின கென் கிரிஃபி ரெண்டு பேரும் கோர்ட் ஓரத்துல. பிரானி மூணு நிமிஷம்கூட ஆடல. போட்ட ரெண்டு ஷாட்டும் விழல. எங்க அப்பா வழக்கமா பேப்பரைக் கீழ இறக்காதவர், அன்னைக்கு இறக்கிட்டு, "ரெண்டுல எது பையன்?"னு கேட்டார்.

பாஸ்டன்_பச்சை | காலை 10:52

நானும் பாத்தேன். வாயைத் திறக்கல. ஒரு நாள் லீவு.

நைட்ஷிப்ட்_சன்ஸ் | காலை 11:05

ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டேன்.

பழைய_ஃபார்வர்டு | மதியம் 12:30

பார்த்தேன் தம்பிகளா. ஆட்டம் நன்றாக இருந்தது. ஷாட் விழாதது பெரிதில்லை, வயது இருக்கிறது. அந்தப் பையன் பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வருகிறான் என்று யாராவது எழுதியிருந்தால் மட்டும் இங்கே போடுங்கள்.